மின் கம்பி சேதியும் கொண்டு வரும்
பம்புசெட் உழவர்களுக்கு ஒரு பாடம்

வீடு ஊருக்குள் இருக்கிறது. கிணறு அரை மைல் தள்ளி வயலில் இருக்கிறது. மும்முனை மின்சாரம் நடு இரவில் வந்தால், உழவர் டார்ச் லைட்டும் கையில் ஒரு கம்புமாக வரப்பில் நடந்து போய் மோட்டாரைப் போட வேண்டும். பாம்புக்கும் பயப்பட வேண்டும், வழுக்கும் வரப்புக்கும் பயப்பட வேண்டும். போட்டுவிட்டுத் திரும்பினாலும் தூக்கம் வராது. தண்ணீர் ஏறுகிறதா, கிணறு வற்றிவிட்டதா, மோட்டார் சும்மா சுற்றுகிறதா என்ற கவலை விடிய விடிய இருக்கும்.

“வீட்டுக்கும் கரண்டுக் கம்பி வருகிறது, கிணற்றுக்கும் கரண்டுக் கம்பி போகிறது. அந்தக் கம்பி வழியாகவே ‘ஓடு, நில்’ என்று மோட்டாருக்குச் சேதி அனுப்ப முடியாதா?” என்று உழவர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. மின் கம்பியில் சேதி அனுப்பும் முறை உலகில் நூறு ஆண்டுகளாகப் பழக்கத்தில் இருக்கிறது. ஆனால் எல்லாக் கம்பியிலும் எல்லாத் தூரத்துக்கும் அது போகாது. எங்கே போகும், எங்கே போகாது என்று தெரிந்துகொண்டால், பயன்படாத கருவிக்குப் பணம் கொடுத்து ஏமாற வேண்டியதில்லை. இந்தப் பாடத்தின் நோக்கம் அதுதான்.

ஒரே கம்பியில் இரண்டு வேலை

நம் வீட்டுக்கும் பம்புசெட்டுக்கும் வரும் மின்சாரம் நேராக ஓடுவதில்லை. ஒரு விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. இதை 50 ஹெர்ட்ஸ் என்கிறோம். இதே கம்பியில், விநாடிக்கு ஒரு லட்சம் முறை ஊசலாடும் மிகச் சிறிய மின் அலை ஒன்றையும் ஏற்றிவிடலாம். இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதில்லை. கலியாணப் பந்தலில் தவிலும் நாயனமும் ஒரே காற்றில்தான் வருகின்றன. ஆனாலும் கனத்த ஒலியையும் கீச்சு ஒலியையும் நம் காது தனித்தனியே பிரித்துக் கேட்கிறது அல்லவா? அதைப் போல, கம்பியின் மறுமுனையில் உள்ள கருவி 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை ஒதுக்கிவிட்டு, சிறிய அலையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அந்தச் சிறிய அலையில்தான் சேதி இருக்கிறது.

பிரித்தெடுக்கும் வேலையைச் செய்பவை இரண்டு பொருள்கள்: ஒன்று கம்பிச் சுருள், மற்றொன்று கெபாசிட்டர். இவற்றை இரண்டு சல்லடைகள் என்று எண்ணிக்கொள்ளலாம். மெதுவாக ஊசலாடும் மின்சாரத்துக்குச் சுருள் வழி விடும்; வேகமாக ஊசலாடும் அலையைத் தடுக்கும். கெபாசிட்டர் இதற்கு நேர் எதிர். மெதுவானதைத் தடுக்கும், வேகமானதற்கு வழி விடும்.

துணை மின் நிலையத்தில் தொங்கும் பீப்பாய்

110 கிலோவோல்ட் அல்லது 230 கிலோவோல்ட் துணை மின் நிலையத்தின் பக்கம் போகும்போது, வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். பெரிய கம்பிகள் நிலையத்துக்குள் நுழையும் இடத்தில், சிலவற்றில் பீப்பாய் போன்ற பெரிய சுருள் ஒன்று தொங்கும், அல்லது பீங்கான் தூணின் மேல் நிற்கும். அதுதான் அலைத் தடுப்புச் சுருள். அதன் அருகே கெபாசிட்டர் அடங்கிய உயரமான பீங்கான் தூண் ஒன்றும் இருக்கும்.

கணக்கைப் பார்த்தால் இவற்றின் வேலை விளங்கும். 1 மில்லிஹென்றி அளவுள்ள சுருள், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குக் காட்டும் தடை 0.3 ஓம் அளவுதான். அதனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் தாராளமாகப் போகும். ஆனால் 100 கிலோஹெர்ட்ஸ் சேதி அலைக்கு அதே சுருள் 600 ஓமுக்கு மேல் தடை காட்டும். மேலே போக வழி இல்லாத சேதி அலை, பீங்கான் தூணிலுள்ள கெபாசிட்டர் வழியாகக் கீழே இறங்கிக் கருவி அறைக்குப் போய்விடும்.

இந்த முறையில் ஒரு மின் நிலையத்திலிருந்து நூறு, இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மற்றொரு நிலையத்துடன் ஊழியர்கள் பேசி வந்தார்கள். பேச்சைவிட முக்கியமான வேலை ஒன்றும் உண்டு. வழியில் எங்காவது கம்பியில் பழுது ஏற்பட்டால், ஒரு முனையிலுள்ள கருவி மறுமுனைக்கு ‘சுவிட்சைத் திற’ என்று கண் இமைக்கும் நேரத்தில் சேதி அனுப்பும். இரண்டு முனையிலும் மின்சாரம் நின்றுவிடும். இன்று மின் கோபுரங்களின் உச்சியில் செல்லும் தரைக் கம்பிக்குள்ளேயே கண்ணாடி இழைகளை வைத்து, அவற்றின் வழியே சேதி அனுப்பும் முறை பரவிவிட்டது. ஆயினும் பழைய முறையும் பல இடங்களில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

உயர் அழுத்தக் கம்பியில் சேதி இவ்வளவு தூரம் போவதற்குக் காரணம், அந்தக் கம்பியில் கிளைகள் குறைவு என்பதுதான். மதகு இல்லாத வாய்க்காலில் தண்ணீர் கடைமடை வரை போய்ச் சேரும். மடைக்கு மடை பிரியும் வாய்க்காலில் தண்ணீர் பாதியிலேயே தீர்ந்துவிடும். நம் ஊர்க் கம்பி இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

பண்ணை வீடுகளுக்குக் கம்பி வழித் தொலைபேசி

உழவர்களுக்காகவே இந்த முறையைப் பயன்படுத்திப் பார்த்த வரலாறும் உண்டு. அமெரிக்காவில் 1935-ம் ஆண்டில் கிராம மின்மயமாக்கலுக்கென்று தனி அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. உழவர் கூட்டுறவுச் சங்கங்கள் கடன் வாங்கித் தாங்களே மின் கம்பி இழுத்துக்கொண்டன. மின்சாரம் வந்த பண்ணைகள் பலவற்றுக்குத் தொலைபேசி வரவில்லை. நீண்ட தூரத்துக்கு ஒரே ஒரு பண்ணைக்காகத் தொலைபேசிக் கம்பி இழுப்பது கட்டுபடியாகாத வேலை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1940-களின் நடுவில், பெல் தொலைபேசி நிறுவனத்தின் பொறியாளர்கள் மின் கம்பியையே தொலைபேசிக் கம்பியாக ஆக்கும் கருவியைக் கொண்டுவந்தார்கள். ஆர்கன்சா மாநிலத்தில் அது பண்ணை வீடுகளுக்கு அமைக்கப்பட்டது. வேலை செய்தது. ஆனாலும் அது நாடெங்கும் பரவவில்லை. 1949-ம் ஆண்டில் அமெரிக்க அரசு கிராம மின்மயச் சட்டத்தைத் திருத்தி, கிராமத் தொலைபேசிக் கம்பிகளுக்கும் கடன் கொடுக்கத் தொடங்கியது. தனிக் கம்பி கிடைக்க வழி பிறந்த பிறகு, மின் கம்பியைப் பகிர்ந்துகொள்ளும் தேவை குறைந்தது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. மின் கம்பி வழிச் சேதி என்பது, வேறு வழி இல்லாத இடத்தில் கைகொடுக்கும் முறை. வேறு நல்ல வழி எளிதாகக் கிடைக்கும்போது அதையும் சீர்தூக்கிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மெதுவாகச் சொன்னால் தூரம் போகும்

இந்தத் துறையின் அடிப்படை விதியை உழவர்கள் இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம்: மெதுவாகச் சொன்ன சேதி தூரம் போகும், வேகமாகச் சொன்ன சேதி பக்கத்திலேயே அடங்கும்.

மிக மெதுவான அலைகள் சில நூறு ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். இவை டிரான்ஸ்பார்மரையும் தாண்டிப் பல கிலோமீட்டர் போகும். ஆனால் ‘போடு’, ‘நிறுத்து’ என்ற அளவுக்குத்தான் சேதி சொல்ல முடியும். நியூசிலாந்தில் வீடுகளிலுள்ள வெந்நீர்த் தொட்டிகளை மின் நிறுவனம் தன் நிலையத்திலிருந்தபடியே நிறுத்தவும் போடவும் 1950-களிலிருந்து இம்முறையைப் பயன்படுத்தி வருகிறார்கள்.

நடுத்தர வேகம் என்பது சில ஆயிரம் ஹெர்ட்ஸிலிருந்து ஒன்றரை லட்சம் ஹெர்ட்ஸ் வரை. இது பெரும்பாலும் ஒரு டிரான்ஸ்பார்மரின் எல்லைக்குள் அடங்கும். இத்தாலி நாட்டில் 2001-ம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ 3 கோடி மின் மீட்டர்களை இந்த முறையில் இணைத்தார்கள். மீட்டரிலிருந்து டிரான்ஸ்பார்மர் வரை சேதி மின் கம்பியில் வரும். அங்கே ஒரு கருவி எல்லா மீட்டர்களின் கணக்கையும் சேர்த்துக்கொண்டு, தொலைபேசி வலை வழியாக அலுவலகத்துக்கு அனுப்பும். டிரான்ஸ்பார்மரைத் தாண்டக் கம்பியை நம்பவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மிக வேகமான அலைகள் 20 லட்சம் ஹெர்ட்ஸுக்கு மேல். ஒரு வீட்டின் சுவர் பிளக்கில் செருகி, அடுத்த அறைக்கு இன்டர்நெட் கொண்டுபோகும் சிறு பெட்டிகள் இந்த வகை. படம்கூட அனுப்பலாம். ஆனால் ஒரு வீட்டு வயரிங்குக்குள்தான் அதன் ஆட்சி.

பாசனத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் இருக்கிறது. அங்கே கோடையில் பாசன மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் மின்சாரம் போதாது. அதனால் 2009-ம் ஆண்டு முதல் மின் நிறுவனம், விரும்பிப் பெயர் கொடுத்த உழவர்களின் மோட்டார்களைத் தேவைப்பட்ட நாட்களில் சில மணி நேரம் தூரத்திலிருந்தே நிறுத்துகிறது. அந்தச் சேதி பெரும்பாலான பண்ணைகளுக்கு மின் கம்பி வழியாகவே போகிறது. உழவருக்கு மின் கட்டணத்தில் தள்ளுபடி கிடைக்கிறது. கம்பி, டிரான்ஸ்பார்மர், கருவி எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால் அங்கே இது சாத்தியமாகிறது. தனி உழவர் ஒருவர் கடையில் கருவி வாங்கி வந்து இதைச் செய்துவிட முடியாது.

நம் கிணற்றுக்கு ஏன் எளிதில் வராது?

கடையில் கிடைக்கும் கம்பி வழிக் கருவிகள் நடுத்தர வேகமும் மிக வேகமும் கொண்டவை. அவற்றுக்கு மூன்று தடைகள் உண்டு.

முதல் தடை டிரான்ஸ்பார்மர். ஊருக்குள் உள்ள வீடு ஒரு டிரான்ஸ்பார்மரிலும், வயல் கிணறு வேறொரு டிரான்ஸ்பார்மரிலும் இருப்பது சாதாரணம். விவசாயத்துக்கென்று தனிப் பீடர் பிரித்த இடங்களில் கம்பித் தொடர்பே வேறாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் வீட்டிலிருந்து அனுப்பும் சேதி கிணற்றுக்குப் போய்ச் சேராது. உங்கள் இரண்டு இணைப்புகளும் ஒரே டிரான்ஸ்பார்மரா என்பதை லைன்மேனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கருவி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுவே.

இரண்டாவது தடை பேஸ். ஒரே டிரான்ஸ்பார்மர் என்றாலும், வீட்டுக்கு வந்த பேஸ் ஒன்று, கருவி பொருத்திய பேஸ் வேறொன்று என்றால் சேதி மிகவும் மெலிந்துவிடும்.

மூன்றாவது தடை, சேதியை விழுங்கும் பொருள்களும் இரைச்சலும். மின் சிக்கனத்துக்காக மோட்டாருடன் கெபாசிட்டர் பொருத்தச் சொல்கிறோம். அது நல்லதுதான். ஆனால் 10 மைக்ரோபாரட் கெபாசிட்டர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 318 ஓம் தடை காட்டும். 100 கிலோஹெர்ட்ஸ் சேதி அலைக்கோ 0.16 ஓம்தான். அதாவது சேதிக்கு அது திறந்து கிடக்கும் மடை. சேதி முழுவதும் அதில் பாய்ந்துவிடும். இதற்காகக் கெபாசிட்டரைக் கழற்றிவிடக் கூடாது. கருவியைத்தான் யோசிக்க வேண்டும். பியூஸ் கேரியரில் தளர்ந்த இணைப்பு, வெல்டிங் வேலை, மட்டமான எல்.ஈ.டி. பல்பு, மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி ஆகியவை இரைச்சலை உண்டாக்கும். ரேடியோவில் கரகரவென்று கேட்பது இந்த இரைச்சல்தான். இரைச்சலில் சேதி அமுங்கிப் போகும்.

கட்டளையைவிடப் பதில் முக்கியம்

மோட்டாரைத் தூரத்திலிருந்து போடுவது பாதி வேலைதான். அது ஓடியதா, தண்ணீர் வந்ததா என்ற பதில் திரும்பி வர வேண்டும். பதில் வராத கருவி, கண்ணை மூடிக்கொண்டு ஏர் ஓட்டுவதற்குச் சமம். கிணறு வற்றியபின் ஓடும் நீர்மூழ்கி மோட்டார் சூடேறிக் காயில் கருகிவிடும். மறுபடி சுற்றிக் கட்டும் செலவு போகட்டும். காய் பிடிக்கும் பருவத்தில் நான்கு நாள் தண்ணீர் இல்லாமல் போனால் அந்தப் போகத்தையே இழக்க நேரும்.

இந்தப் பதிலைச் சொல்வதற்கு ஏற்கெனவே ஒரு தூதர் நம்மிடம் இருக்கிறார். ஸ்டார்ட்டர் பலகையில் உள்ள ஆம்பியர் மீட்டர்தான் அந்தத் தூதர். மோட்டார் பூமிக்குள் 300 அடி ஆழத்தில் இருந்தாலும், அதன் நிலையை அதற்குப் போகும் மின்சாரமே மேலே வந்து சொல்லிவிடும். 5 குதிரைத் திறன் மும்முனை மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ 7 முதல் 10 ஆம்பியர் எடுக்கும்.

ஆம்பியர் வழக்கத்தைவிட நன்றாக இறங்கினால், பம்பு தண்ணீர் தூக்கவில்லை என்று பொருள். கிணறு வற்றியிருக்கலாம், அல்லது குழாய் அடைத்திருக்கலாம்.

ஆம்பியர் ஏறினால், வோல்டேஜ் குறைவாக இருக்கலாம், அல்லது மணல் புகுந்து பம்பு இறுகியிருக்கலாம்.

மூன்று பேஸில் ஒன்றில் மட்டும் ஆம்பியர் இல்லாமல், மற்ற இரண்டிலும் ஏறியிருந்தால், ஒரு பேஸ் போய்விட்டது. உடனே நிறுத்த வேண்டும்.

வற்றிய கிணற்றில் மோட்டாரை நிறுத்தும் தடுப்பானும், ஒரு பேஸ் போனால் நிறுத்தும் தடுப்பானும் இந்த மின்சாரத்தையும் வோல்டேஜையும் பார்த்தே வேலை செய்கின்றன. தனிச் சேதி அலை எதுவும் தேவையில்லை. சிறு உழவருக்கு மின் கம்பி கொண்டு வரும் சேதிகளில் மிகவும் பயனுள்ளது இதுவே.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

1. முதல் செலவு தடுப்பான்களுக்கே. வறட்டு ஓட்டத் தடுப்பானும், பேஸ் தடுப்பானும் இல்லாத மோட்டாருக்குத் தூரக் கட்டுப்பாடு வைக்காதீர்கள். யாரும் இல்லாத இடத்தில் தானே ஓடும் மோட்டாருக்குக் காவல் வேண்டும்.

2. வீடும் கிணறும் ஒரே தோட்டத்தில், ஒரே இணைப்பில் இருந்தால், சேதிக்கென்று தனியாக இரண்டு இழை வயர் ஒன்றைக் குழாய்க்குள் புதைத்துக் கொண்டுபோவதே எளிது. அதில் 12 அல்லது 24 வோல்ட் மட்டும் செலுத்தினால் ஆபத்து குறைவு. தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் மிதவைச் சுவிட்சையும் அதிலேயே இணைக்கலாம். கம்பி வழிக் கருவியை விரும்பினால் இதுதான் அதற்கும் ஏற்ற இடம்.

3. கிணறு தூரத்தில், வேறு டிரான்ஸ்பார்மரில் இருந்தால், செல்போன் மூலம் இயங்கும் ஸ்டார்ட்டரே பொருத்தம். அதன் சேதி கம்பியில் போவதில்லை, காற்றில் போகிறது. வாங்குமுன், மோட்டார் அறைக்குள் நின்று அந்தச் செல்போன் நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கிறதா என்று பாருங்கள். இத்தகைய கருவிகளுக்கு அரசு மானியம் இருக்கிறதா என்பதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

4. எந்தக் கருவியானாலும் விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ‘மோட்டார் ஓடவில்லை என்றால் எனக்குப் பதில் வருமா? கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மோட்டார் தானே ஓடுமா, என் உத்தரவுக்குக் காத்திருக்குமா? என் கிணற்றிலேயே பொருத்தி, ஓட்டிக் காட்டிய பிறகு பணம் வாங்குவீர்களா?’ மூன்றாவது கேள்விக்குத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

செய்யக் கூடாதவை

மின் வாரியக் கம்பத்திலோ, மேலே செல்லும் கம்பியிலோ எந்தக் கருவியையும் நீங்களாக இணைக்கக் கூடாது. அது 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி குற்றம். அதைவிட, அது உயிரைப் பறிக்கும் வேலை. மட்டமான கெபாசிட்டர் உள்ள கருவியில் கோளாறு ஏற்பட்டால், சேதி வர வேண்டிய பொத்தானுக்கு 230 வோல்ட் வந்துவிடும். எனவே கருவியின் பெட்டிக்கு எர்த் இணைப்பு இருக்க வேண்டும். ஈரக் கையோடு தொடக் கூடாது.

செல்போனிலிருந்து மோட்டாரை நிறுத்திவிட்டோம் என்று எண்ணிப் பழுது பார்க்க இறங்காதீர்கள். வீட்டிலிருந்து வேறொருவர் போட்டுவிடலாம். மெயின் சுவிட்சை இறக்கி, பியூஸ் கேரியரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வேலை பாருங்கள். மோட்டார் அறைக் கதவில் ‘இது தானே ஓடும் மோட்டார்’ என்று எழுதி வையுங்கள். கூலிக்கு வருபவருக்கும் தெரிய வேண்டும்.

வீட்டுப் பாடம்

நாளை மோட்டாரைப் போட்டதும், தண்ணீர் சீராகக் கொட்டத் தொடங்கிய பின் மூன்று பேஸின் ஆம்பியரையும், வோல்டேஜையும் ஒரு நோட்டில் தேதியுடன் குறித்து வையுங்கள். ஆம்பியர் மீட்டர் இல்லை என்றால் வயர்மேனை வரவழைத்து ஒருமுறை அளக்கச் செய்யுங்கள். வாரம் ஒரு தடவை இதைச் செய்தால் போதும்.

பின் வரும் கேள்விகளுக்கும் விடை எழுதிப் பாருங்கள்.

1. என் வீடும் கிணறும் ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ளனவா?
2. என் மோட்டார் நன்றாக ஓடும்போது எத்தனை ஆம்பியர் எடுக்கிறது?
3. ஒரு பேஸ் போனால் என் ஸ்டார்ட்டர் தானே நிறுத்துமா?
4. கிணறு வற்றினால் நிறுத்த ஏற்பாடு உண்டா?

நான்குக்கும் விடை தெரிந்த உழவர், கம்பி வழிக் கருவியோ செல்போன் கருவியோ தமக்கு எது ஏற்றது என்பதைத் தாமே முடிவு செய்துகொள்ளலாம். விடை தெரியாதவர் கருவி வாங்குவதைச் சற்றுத் தள்ளிப் போட்டு, முதலில் விடையைத் தேடிக்கொள்வது நல்லது.